அணைக்கத் தெரியாத ஃபயர்மேன்

அந்த நாட்டுப் பேர நான் சொல்ல மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன். சொன்னா அதுக்கும் ஒரு மரியாதை குடுத்த மாதிரி ஆயிடும். குளிரு அடிக்கிற நாடு, காசு கொழிக்கிற நாடு, வேலைக்கு ஆளே கெடைக்கலன்னு ஊரு ஒலகமெல்லாம் கேக்குற மாதிரி ஒப்பாரி வச்ச நாடு. அது போதும் உங்களுக்கு.

நான் தேவி. விருத்தாசலம் பாலக்கரையில ஒரு செருப்புக்கடை மாடியில பிரவுசிங் சென்டர் வச்சிருந்தேன். நாலு கம்ப்யூட்டரு, ஒரு பிரிண்டரு, கரண்டு போனா அரை மணி நேரம் தாங்குற பேட்டரி ஒண்ணு. ரயில்வே பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடுறவங்க, பிளஸ் டூ ரிசல்ட்டு பாக்குறவங்க, துபாயில இருக்குற புருஷன் மூஞ்சியக் கேமராவுல பாக்க கம்மாபுரத்துலருந்து பஸ்ஸேறி வர பொம்பளைங்க, இவங்கதான் என் கிராக்கி. யாரு வந்தாலும் நோட்டுல பேரு, ஊரு, செய்யிற வேலை, எதுக்காக வந்தீங்க, இந்த நாலையும் எழுதிட்டுத்தான் ஒக்காரணும். போலீஸுல அப்பிடிச் சொல்லியிருந்தாங்க.

உலகநாதன் அண்ணன் மொத மொதல்ல என் கடைக்கு வந்தது ரெண்டாயிரத்தி ஆறு, மாசி மாசம். செருப்ப வெளியவே வுட்டுட்டு, "உள்ள வரலாமா தேவி?"ன்னு கேட்டாரு. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் அவரு வூடு. நல்ல ஒசரம். ரெண்டு கண்ணுக்கு மேலயும் புருவமே இருக்காது. சூளை வாயில குனிஞ்சி குனிஞ்சி பாத்து வருஷக்கணக்குல பொசுங்கினது. செராமிக் எஸ்டேட்டுல சாமிதுரை முதலாளியோட ஃபேக்டரியில இருபத்திரெண்டு வருஷமா ஃபயர்மேன். உங்க வூட்டு மீட்டர் பொட்டிகிட்ட வெள்ள வெளேர்னு ஃபியூஸ் கட்டை இருக்குது பாருங்க, அது அவரு கையில வெந்ததாக்கூட இருக்கலாம்.

ஃபயர்மேன்னா எங்க ஊருல சூளை எரிக்கிறவரு. நெருப்ப மூட்டி, ஏத்தி, இருபது மணி நேரம் அது எறங்காமக் காவல் காத்து, அப்பறம் பக்குவமா ஆற வைக்கிறவரு. எஸ்டேட்டு டீக்கடையில கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் ஒண்ணு இருக்குதுன்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல. இத இப்பவே சொல்லி வச்சிடுறேன். பின்னால எனக்கு ஆத்திரம் வந்தா வரிசையா சொல்ல வராது.

அண்ணன் சட்டப்பையிலருந்து ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்தாரு. உள்ள பேப்பர்ல வெட்டின துண்டு. அந்த நாட்டுல அறுபது தொழிலுக்குக் கடுமையான ஆள் பஞ்சமாம், அதுல செராமிக் சூளையும் ஒண்ணாம், அனுபவம் உள்ள உயர்திறன் தொழிலாளிங்க பொண்டாட்டி புள்ளையோட வந்து குடியேறலாமாம். வெரல வச்சி ஒரு வார்த்தையக் காட்டினாரு.

"தேவி, இதுல உயர்திறன்னு போட்டிருக்குதே, அது நம்மளச் சொல்றதுதானா?"

"உங்கள வுட்டா வேற யாரண்ணே சொல்லப் போறாங்க?"ன்னு கேட்டேன். அவரு மூஞ்சியப் பாக்கணுமே! முதலாளி வூட்டுப் பொடிசுகூட அவர "யோவ் சூளை"ன்னுதான் கூப்புடும். இருபத்திரெண்டு வருஷத்துல யாரும் சொல்லாத ஒரு வார்த்தைய எங்கியோ கடலுக்கு அந்தாண்ட இருக்குற ஒருத்தன் சொல்லிட்டான்னு நெனச்சிட்டாரு மனுஷன்.

அவசரமும் இருந்துது. சீனாக்காரன் சரக்கு சல்லிசா வந்து எறங்குது, ரெண்டாயிரத்தி எட்டு பொங்கலுக்கு மேல சூளைய எரிக்கிறதா இல்லன்னு சாமிதுரை சொல்லிட்டாரு. அந்த நாட்டு ரூல்ஸுல நாப்பத்தஞ்சு வயசு ஆயிட்டா சேத்துக்க மாட்டாங்க. சர்ட்டிபிகேட்டுப்படி அண்ணனுக்கு நாப்பத்தஞ்சு முடியறது ரெண்டாயிரத்தி ஏழு, ஜூன் ஒண்ணு. அதுக்குள்ள உள்ள போயிடணும், இல்லன்னா கதவச் சாத்திடுவான். வூட்டுல பார்வதி அண்ணி பொம்மைக்குப் பெயிண்டு அடிக்கிறாங்க, பொண்ணு கனகா பத்தாவது படிக்குது. "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும் தேவி, நீயே பாத்துப் போடும்மா"ன்னு சொல்லிட்டு, நோட்டுல 'செய்யிற வேலை'யில ஃபயர்மேன்னும், 'எதுக்காக'வுல வெளிநாட்டு வேலைன்னும் முத்து முத்தா எழுதினாரு.

போட்டேன். என் தலையெழுத்து, நான்தான் போட்டேன்.

முதலாளி அனுபவக் கடுதாசி குடுத்தாரு. மூணே வரி. உலகநாதன் எங்க கம்பெனியில எண்பத்தி நாலுலருந்து ஃபயர்மேன், நல்லவரு, வாழ்த்துகள், அவ்வளவுதான். சூளைன்னு ஒரு வார்த்தை எழுத அந்த மனுஷனுக்குக் கை வலிச்சிடுச்சி. நான் கம்ப்யூட்டர்ல தொழில் பட்டியலத் தொறந்து எஃப், ஐ, ஆர், ஈன்னு தட்டினேன். 'ஃபயர் ஃபைட்டர்'னு வந்து நின்னுது. நெருப்போட மல்லுக்கட்டுறவருன்னா நம்ம அண்ணன்தானேன்னு நெனச்சி அதையே அமுக்கிட்டேன். அதே பட்டியல்ல கே எழுத்துல 'கில்ன்'னு, அதான் சூளை, சூளைக்காரங்களுக்குன்னு தனியா ஒரு வரி இருந்துருக்குது. நான் அதுவரைக்கும் போவவே இல்ல. இப்ப நெனச்சாலும் என்னையே நான் அறைஞ்சிக்கணும் போல இருக்குது.

அதே வாரம் கோகுல்ராஜும் வந்தான். ஸ்ரீமுஷ்ணத்துப் பையன், செராமிக் இன்ஜினியரிங் முடிச்சிட்டு அதே ஃபேக்டரியில எட்டு மாசமா சூப்பர்வைசர். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவன் சூளை எரிச்ச லட்சணம் ஊருக்கே தெரியும். ஒரு நாளு சூடு தொள்ளாயிரத்துல நின்னுக்கிட்டு ஏற மாட்டேங்குதுன்னு கேஸ மேல மேலத் தொறந்து வுட்டிருக்கான். புகை மண்டி உள்ள இருந்ததெல்லாம் கருக ஆரம்பிச்சிடுச்சி. அண்ணன் ஓடியாந்து அவன் கையத் தட்டிவுட்டு, "அதுக்குப் பசி இல்ல தம்பி, மூச்சு முட்டுது. கேஸக் கொற, காத்த வுடு"ன்னு சொல்லி, கால் மணியில ஏத்திக் காட்டினாரு. இத அண்ணனே சிரிச்சிக்கிட்டு என்கிட்ட சொன்னாரு. கோகுல்ராஜுக்கு இன்ஜினியருன்னு போட்டு அப்ளிகேஷன் அனுப்பினேன். படிப்புக்கு இத்தன மார்க்கு, சின்ன வயசுக்கு இத்தன மார்க்குன்னு அள்ளிக் குடுத்தான் அந்த நாட்டுக்காரன். சூளைய எறங்க வுடாம எரிச்சதுக்கு மார்க்கே கெடையாது. கருமம்.

அஞ்சே மாசம், கோகுல்ராஜுக்கு விசா வந்துடுச்சி. பாலக்கரையில ஃபிளெக்ஸு வச்சாங்க. 'உயர்திறன் பொறியாளரே, எங்கள் ஊரின் பெருமையே'ன்னு அவன் படம் யானை சைஸுக்கு. கீழ வாழ்த்துறவங்க வரிசையில சின்னச் சின்ன வட்டத்துல நாப்பது மூஞ்சி. அதுல ஒண்ணு உலகநாதன் அண்ணன். ஃபோட்டோ ஸ்டூடியோக்காரன் அவருக்குக் கம்ப்யூட்டர்லயே புருவம் வரைஞ்சி வுட்டிருந்தான். அண்ணி அதப் பாத்துட்டு, "இது யாரு, உங்க தம்பியா?"ன்னு கிண்டல் பண்ணாங்க. சிரிச்சிட்டு, அந்தக் கையோட கடைத்தெருவுல அவருக்கு ஒரு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் வாங்கினாங்க. கோகுல்ராஜுக்கே வந்துடுச்சின்னா இவருக்கு வராமப் போயிடுமான்னு ஒரு நெனப்பு.

அண்ணன் அதுக்குள்ள இங்கிலீஷ் பரீட்சையும் எழுதித் தேறிட்டாரு. ஷிப்டு முடிச்சிட்டு வந்து என் கடை மூலையில ஒக்காந்து படிச்சாரு. 'ஐ ஆம் எ ஃபயர்மேன்'னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். சீ, அதையும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்!

கார்த்திகை மாசம் அந்த ஆபீசுலருந்து போன் இன்டர்வியூ. என் கடை நம்பரத்தான் குடுத்திருந்தோம். அன்னிக்குக் கடைய மூடிட்டு, ஸ்பீக்கர்ல போட்டு ஒக்காந்தோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்ட போட்டுக்கிட்டு, நெத்தியில விபூதி வச்சிக்கிட்டு, போனுக்கு முன்னால நிமுந்து ஒக்காந்திருந்தாரு. கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கிட்டு வந்தேன்னு சொன்னாரு.

ஒரு பொம்பளக் கொரலு. பேரு, ஊரு எல்லாம் கேட்டுட்டு, இத்தன வருஷத்துல எத்தன நெருப்ப அணைச்சிருக்கீங்கன்னு கேட்டுது.

எரியிற சூளைய நடுவுல அணைய வுட்டா ஃபயர்மேனுக்கு அது மானக்கேடு, அண்ணனுக்கு ரோஷம் வந்துடுச்சி. "நோ மேடம்! நெவர் புட் அவுட்! ட்வென்ட்டி டூ இயர்ஸ், ஒன் டைம் ஆல்சோ நோ!"

எனக்கு அப்பிடியொரு பூரிப்பு. கட்டை வெரலத் தூக்கிக் காட்டினேன். த்தூ, அந்த வெரல வெட்டிப் போடணும்.

அந்தாண்ட டக்கு டக்குன்னு டைப் அடிக்கிற சத்தம் கேட்டுது. அப்பறம், நெருப்பு பெருசா ஆனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுது.

"ஐ ஆம் வெரி ஹேப்பி மேடம்."

"கொறஞ்சி போனா?"

"ஐ மேக் மோர் ஃபயர் மேடம்."

அந்தப் பொம்பள தேங்க் யூன்னு சொல்லி வச்சிடுச்சி. நாங்க ரெண்டு பேரும் கீழ எறங்கிப் போயி டீயும் பஜ்ஜியும் தின்னோம். "கேட்டது பூரா நம்ம தொழில்லருந்தே கேட்டாங்க தேவி, வெவரமான பொம்பள"ன்னு அண்ணன் சொன்னாரு. நானும் ஆமா போட்டேன்.

மாசியில பதில் வந்துது. நான்தான் படிச்சேன். 'விண்ணப்பதாரர் தீயணைப்புத் துறையின் அடிப்படைக் கடமையே அறியாதவர். இவரைப் பணியில் அமர்த்துவது பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து. தீயணைப்புப் பயிற்சிச் சான்றிதழும் இணைக்கப்படவில்லை.' படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிஞ்சிது. தீயணைப்பு வண்டியில வந்து தண்ணி பீச்சி அணைக்கிறவன அவனுவ ஃபயர்மேன்னு சொல்றானுவ. நெருப்ப எரிக்கிறவர நாங்க ஃபயர்மேன்னு சொல்றோம்.

அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு மொதல்ல சிரிச்சாரு. "அதான் அந்தம்மா பட்டுன்னு போன வச்சிடுச்சா? கொளுத்திவுடுறவன்னு நெனச்சிருக்கும்"னு கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. நான் அழுதேன். "அழுவாத, தப்பத் திருத்தி எழுதினாப் போச்சி"ன்னு எனக்கே தைரியம் சொன்னாரு.

முதலாளிகிட்ட சண்டை போட்டு வேற கடுதாசி வாங்கினேன். சூளைன்னு எழுத வச்சேன். தொழில் பேரத் தப்பா அமுக்கிட்டோம், மன்னிச்சி மாத்திக் குடுங்கன்னு மெயில் போட்டேன். ஒண்ணு இல்ல, ஆறு. ஆறுக்கும் ஒரே பதில், மிஷினே அனுப்புற பதில். என்னான்னு தெரியுமா? 'உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் நிலவும் ஆள் பற்றாக்குறையால் பதில் தாமதமாகும்.'

எப்பிடி இருக்குது பாருங்க கதை! ஆளு இல்லன்னு வெளியூருலருந்து ஆளக் கூப்புடுறான். வர ஆளோட காயிதத்தப் பாக்க அவனுக்கு ஆளு இல்ல. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. இங்க பூசாரியே இல்லாத கோயிலுக்கு எங்கள நடக்க வுட்டானுவ. மார்ச்சு போச்சி, ஏப்ரல் போச்சி, மே போச்சி. அண்ணன் தெனமும் வேலை முடிஞ்சி வந்து படிக்கட்டுலயே நின்னு, "வந்துதா?"ன்னு கண்ணாலயே கேப்பாரு. நான் இல்லன்னு தலைய ஆட்டுவேன். எறங்கிப் போயிடுவாரு.

ஜூன் பதினொண்ணு பதில் வந்துது. தொழில் பேர மாத்த முடியாது, புதுசா விண்ணப்பிக்கணும். புதுசா விண்ணப்பிக்க நாப்பத்தஞ்சு வயசு ஆயிருக்கக் கூடாது. பத்தே பத்து நாளு தாண்டிப் போச்சி. வெண்ணெ தெரண்டு வரும்போது தாழி ஒடஞ்ச கதை.

அந்த ஜூன் ஒண்ணுகூடப் பொய்யிங்க. அண்ணன் பொறந்தது அதே வருஷம், ஆனா ஐப்பசியில. ஸ்கூலுல சேக்கும்போது கையத் தலைக்கு மேலாலப் போட்டு அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொல்லுவாங்கல்ல, இவரு ஒசரம், கை நீளம், நாலு வயசுலயே தொட்டுட்டாரு. அஞ்சு ஆயிடுச்சின்னு ஹெட்மாஸ்டரே ஒரு ஜூன் ஒண்ணப் போட்டு எழுதிட்டாரு. நாப்பது வருஷம் கழிச்சி அந்தக் கை அவரு கழுத்தையே புடிச்சிடுச்சி. இதையும் எழுதி அனுப்பினேன். காது தொட்ட கதையெல்லாம் எந்த நாட்டு ஆபீசுல ஏறும்? பதிலே இல்ல. எல்லா ரூல்ஸையும் படிச்சிப் பாத்துட்டுச் சொல்றேன், அவனுவளுக்கு வேலை தெரிஞ்ச ஆளு வேணாம். காயிதம் தெரிஞ்ச ஆளு வேணும். அத நேராச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எதுக்கு உயர்திறனு, மயிருதிறனுன்னு பேப்பர்ல போட்டு ஒரு மனுஷன ஆசை காட்டணும்? குமட்டுது எனக்கு.

பொங்கல் வந்துது, சாமிதுரை சொன்ன மாதிரியே சூளைய நிறுத்திட்டாரு. மூடின ஃபேக்டரிக்கே அண்ணன வாச்மேனா வச்சிக்கிட்டாரு. ஒரு வருஷத்துல அவருக்குப் புருவம் மொளச்சிடுச்சி. எனக்கு அத நிமுந்து பாக்கவே பிடிக்கல.

இப்பத்தான் நான் சொல்ல வந்ததே வருது. ரெண்டாயிரத்தி ஒம்பது, தை முடிஞ்சி ஒரு செவ்வாக்கெழம, காலையில பத்தரை மணி. கடை போன் அடிக்குது. கோகுல்ராஜு. மூச்சு வாங்குது அவனுக்கு.

"அக்கா, உலகநாதன் அண்ணன ஒடனே கூட்டியாங்கக்கா. கேமராவுல வரேன். என் வேலையே போயிடுங்கக்கா."

பக்கத்துக் கடைப் பையன சைக்கிள்ல அனுப்பிக் கூட்டியாரச் சொன்னேன். அண்ணன் காக்கிச் சட்டையோட வந்தாரு. ஹெட்போன மாட்டாம ஸ்பீக்கர்லயே போட்டேன், என்னதான் சொல்றான்னு நானும் கேக்கணுமில்ல. திரையில கோகுல்ராஜு, வெள்ள ஹெல்மெட்டு, கண்ணாடி. பின்னால வூடு கணக்கா ஒரு சூளை.

"அண்ணே, தொள்ளாயிரத்து இருவதுலயே நிக்குதுண்ணே. மூணு மணி நேரமா ஏறல. கேஸ ஃபுல்லாத் தொறந்துட்டேன். புகையா வருது. பெரியவங்க எல்லாரும் வந்து நிக்கிறாங்க. என்ன பண்றது சொல்லுங்கண்ணே."

இவருகிட்டயே நின்னு பாத்த அதே கோளாறு! ஒரு வருஷத்துக்கு மேல பக்கத்துல இருந்தும் அவன் மண்டையில ஏறல. எனக்கு உச்சந்தலை காந்துச்சி. "சொல்லாதீங்கண்ணே, வைங்கண்ணே"ன்னு அவரு தோளத் தட்டினேன். "உங்களுக்குக் கதவச் சாத்தினவன் வூட்டுச் சூளை எப்பிடிப் போனா நமக்கென்ன?"

அண்ணன் திரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு மூஞ்சி அப்பிடி மாறி நான் பாத்ததே இல்ல.

"தம்பி, நான் யாரு?"

"அண்ணே?"

"நான் ஃபயர்மேன் தம்பி. என்கிட்ட கேட்டா நான் ஒண்ணுதான் சொல்லுவேன். அணைச்சிடு."

சொல்லிட்டு எழுந்துட்டாரு. அப்பிடிப் போடுங்கண்ணேன்னு எனக்குக் கைதட்டணும் போல இருந்துது. எரியிற சூளைய நடுவுல அணைச்சா உள்ள இருக்குற அத்தனையும் படபடன்னு வெடிச்சிப் போயிடும். பிரவுசிங் சென்டர் நடத்துற எனக்கே அது தெரியும்.

ஸ்பீக்கர்ல கோகுல்ராஜு, "சரிங்கண்ணே"ன்னான். பேனாவ எடுத்து ஒரு அட்டையில எழுதினான். எழுதிட்டுத் திரும்பி யார்கிட்டயோ கையக் காட்டி நிறுத்தச் சொன்னான்.

கதவுகிட்ட போன அண்ணன் அப்பிடியே நின்னுட்டாரு. கண்ண மூடிக்கிட்டாரு. அப்பறம் ஓடியாந்தாரு பாருங்க, நாற்காலி சாஞ்சி வுழுந்துடுச்சி.

"டேய்! எதையும் தொடாத! பேனாவக் கீழ வையிடா!"

அதுவரைக்கும் அவன அவரு டேன்னு கூப்புட்டதே இல்ல. "அதுக்குப் பசி இல்லடா, மூச்சு முட்டுது. கேஸப் பாதியாக் கொற. அந்த மேல் கதவத் தெற, நாலு வெரக்கடை. வேணாம், மூணு. கேமராவ அந்த ஓட்டைக்கு நேராத் திருப்பு, நான் பாக்குறேன்..." ரெண்டு மணி நேரம். கரண்டு போச்சி, பேட்டரியில ஓடுச்சி. மத்த மூணு கம்ப்யூட்டரையும் நான்தான் அணைச்சேன், இது நிக்கக் கூடாதேன்னு. அந்த நாட்டுச் சூளை தொள்ளாயிரத்து இருவதுலருந்து ஏறி, ஆயிரத்தத் தாண்டிச்சி. அந்தாண்ட யாரோ கைதட்டினாங்க. கோகுல்ராஜு தோள்ல ஒரு வெள்ளக்காரன் கை வுழுந்துது. "தேங்க்ஸுண்ணே"ன்னு அவன் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே படம் போயிடுச்சி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. "எதுக்குண்ணே சொன்னீங்க? வெடிச்சித் தொலையட்டும்னு வுட வேண்டியதுதானே? ஆளு வரக்கூடாதாம், வேலை மட்டும் கம்பி வழியா வரலாமாம். வெக்கங்கெட்டவனுவ!"

"சரக்கு என்ன தேவி பண்ணுச்சி?"ன்னு மட்டும் கேட்டாரு. தோள்ல கெடந்த துண்டால மூஞ்சியத் தொடச்சிக்கிட்டாரு. எரியாத நெருப்புக்கு முன்னால ஒக்காந்து அப்பிடி வேர்த்திருந்துது அவருக்கு.

போறப்ப நோட்டக் கேட்டாரு. "இருக்கட்டும்ணே, நான் எழுதிக்கிறேன்"னு சொன்னேன். கேக்கல, அவரே வாங்கி எழுதிட்டுப் படியெறங்கிப் போயிட்டாரு. போனதுக்கப்பறம் நோட்டத் திருப்பிப் பாத்தேன். பேரு, உலகநாதன். ஊரு, விருத்தாசலம். செய்யிற வேலை, வாச்மேன். எதுக்காகங்குற எடத்துல மூணு வருஷத்துக்கு முன்னால எழுதின அதே ரெண்டு வார்த்தைய, அதே முத்து முத்தான எழுத்துல எழுதியிருந்தாரு.

வெளிநாட்டு வேலை.